குடிதண்ணீர்

செம்மண்ணில் ரத்தம் தெரியாது.
அதனால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு
என் வீட்டுப் படலைத் தட்டினான் சேவுகன்.
"நாயைக் கொஞ்சம் அனுப்பத்தா."
நாய் தனியாக வராது என்றேன்.
அது அவனுக்கும் தெரியும்.
மூக்காயி என் சொல்லுக்கு மட்டும்தான்
தலையைத் தரையில் வைப்பாள்.

சிறுவயலுக்கு மேற்கே தைலமரக் காடு.
நெற்றி விளக்கும் நாட்டுத் துப்பாக்கியுமாக
பொழுதடையப் போயிருக்கிறார்கள்
அவனும் அவன் மச்சினன் வயிரவனும்.
புள்ளிமான். கிடா.
கொம்பில் பட்டுத்தோல் இன்னும் உரியாதது.
"பட்டுருச்சு. சத்தம் கேட்டுச்சு,
ஈரச் சாக்கை அறைஞ்ச மாதிரி."
விழவில்லை, அவ்வளவுதான்.

இடத்தைக் காட்டச் சொன்னேன்.
நாலு மயிர் கிடைத்தது, வெள்ளை மயிர்.
அடிவயிறு.
சருகைத் திருப்பி முகர்ந்தேன்.
நுரை இருந்தால் நுரையீரல், கூப்பிடு தூரத்தில் கிடக்கும்.
கறுத்திருந்தால் ஈரல், கொஞ்சம் பொறுக்க வேண்டும்.
இது பாதி அரைபட்ட புல்லின் நாற்றம்.
"சுட்டதும் துரத்துனியா?"
வயிரவன் விளக்கை அணைத்தான்.
துரத்தியிருக்கிறார்கள்.
படுத்த இடத்திலேயே அடங்கியிருக்க வேண்டியதை
எழுப்பி ஓடவிட்டிருக்கிறார்கள்.

கயிற்றை நீட்டிவிட்டேன்.
தைல இலை மற்ற வாசனையைத் தின்றுவிடும்;
மூக்காயி இரண்டு தடவை தும்மினாள்,
வந்த வழியே திரும்பி
வட்டம் போட்டாள், பெரிய வட்டம்,
பிறகு கயிறு விறைத்தது.
குரைக்க மாட்டாள். குட்டியிலிருந்தே அப்படி.
வரப்பு, கருவேலம் புதர், ரயில்வே கம்பி,
செம்புறாங்கல் வெட்டிய குழி,
குழிக்குள் அது படுத்த இடம், இன்னும் வெதுவெதுப்பாக.
அங்கிருந்து நேர் கிழக்கு.
எங்கே போகிறோம் என்று
அவளுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரிந்தது.
வயிற்றில் பட்டது தண்ணீர் தேடும்.

ஊருணி.
நாங்கள் செருப்பைக்கூட
வேலிக்கு வெளியே கழற்றும் ஊருணி.
போன வருஷம் இதில் கால் நனைத்த லாரிக்காரனிடம்
ஐந்நூறு அபராதம் வாங்கியவன் சேவுகன்.
நாலாம் படியில் மூக்காயி உட்கார்ந்தாள்,
மூக்கு தண்ணீரைப் பார்த்து.

வயிறு முங்க நின்றது.
தேய்ந்த நிலா, போதுமான வெளிச்சம்.
சுட்டால் ஊர் எழும்.
விட்டால் விடிந்ததும் குடங்கள் வரும்.
சேவுகன் வானத்தைப் பார்த்தான்.
வயிரவன் "சாமி குத்தமாயிரும்" என்றான்,
அதுவரை வராத சாமி.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன்.
என் கால் அதைத் தொட்டது அன்றைக்குத்தான்.
மான் ஓடவில்லை.
குடித்துக்கொண்டே இருந்தது.
கொம்பைப் பிடித்தேன்.
சூடாக இருந்தது, சின்னப்பிள்ளையின் காதைப் போல,
எலும்பென்று நினைத்திருந்தேன்.
அமுக்கினேன்.
அதிக நேரம் ஆகவில்லை.
ஆகியிருக்கலாம்.

கரையேற்றி, சாக்கில் கட்டி,
எனக்கு ஒரு தொடை, நாய்க்கு ஒரு பங்கு என்று
கணக்குச் சொன்னான் சேவுகன், நல்ல குரலில்.
தொடை வேண்டாமென்றேன்.
ஈரலை மட்டும் வாங்கினேன்.
மூக்காயி நாலே வாயில் தின்றாள்,
என் விரலையும் நக்கினாள்.

விடிந்தது.
ஊருணி கலங்கிச் சிவந்து கிடந்தது.
மழை பெய்தால் இப்படித்தான் இருக்கும்,
மழை பெய்து மூன்று வாரம்.
அடைக்கம்மை வந்தாள், முதல் குடம் அவளுடையது.
பின்னால் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி.
நானும் என் குடத்தோடு வரிசையில்.
மூக்காயி யாரும் கூப்பிடாமல் வந்து
நாலாம் படியில் உட்கார்ந்தாள்,
மூக்கு தண்ணீரைப் பார்த்து,
நான் பார்க்கும்வரை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து.

"ஏத்தா, ஒன் நாய்க்கு என்ன?"

தாகம் என்றேன்.
குனிந்து மொண்டேன்.